எங்கள் வீட்டு டபுள் லைன்

முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் தண்டவாளத்தோடு குப்பை கொட்டியவன் நான். சிவில் டிப்ளமாவோடு 1980-ல் சேர்ந்து, 2018-ல் இந்த நாக்பூரிலேயே ஓய்வு பெற்றேன். அதனால் போன மார்ச் மாதம், ஒன்பதாவது பரீட்சை முடிந்த மறுநாள் பேத்தி வந்து, "தாத்தா, என் பாட்டை டபுள் ட்ராக் பண்ணச் சொல்றாங்க" என்றதும், "எந்த செக்‌ஷன்? டெண்டர் விட்டாச்சா?" என்றுதான் கேட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பேசியது கிடாரைப் பற்றி.

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது கிடார், கீபோர்டு என்று கற்றுக்கொள்கிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பதிவும் செய்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன செய்கிறார்கள் என்று பெற்றோருக்குப் புரிவதில்லை. எனக்கும் புரியாமல்தான் இருந்தது. ஒரு மாதம் அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்ததில் கொஞ்சம் புரிந்தது. அதை எழுதினால் யாருக்காவது பயன்படலாம்.

சித்திரை விழாவில் பிள்ளைகள் பாட ஒரு பாட்டுக்கு அவளே மெட்டுப் போட்டிருந்தாள். பின்னணி இசையை முன்பே பதிவு செய்து ஓடவிட வேண்டும். மேடையில் பிள்ளைகள் அதோடு சேர்ந்து பாட வேண்டும். அவளிடம் இருப்பது ஆறாயிரம் ரூபாய் சாதாரண கிடார் ஒன்று, கம்ப்யூட்டரில் சொருகும் மைக் ஒன்று. பதிவு செய்து கேட்டால் தகர டப்பாவில் குச்சியால் தட்டியது போல இருந்தது. சினிமாப் பாட்டில் கிடார் வரும்போது அறை முழுக்க நிறைகிறதே, அது வரவில்லை. உடனே, கிடார்தான் மட்டம், நாற்பதாயிரத்துக்கு ஒன்று வாங்கினால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டிவிட்டாள். மாப்பிள்ளை, "பத்தாவது வருது, இருக்கிற கிடாரையே எடுத்து உள்ளே வைக்கலாமான்னு பார்க்கிறேன்" என்றார். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

அப்போதுதான் அவளுடைய கிடார் வகுப்பில் சொன்னார்களாம்: கிடார் போதும், அதையே டபுள் ட்ராக் செய் என்று. அதாவது ஒரே பகுதியை இரண்டு தடவை பதிவு செய்து, ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் அனுப்புவது.

பேத்தி என்ன செய்தாள்? கம்ப்யூட்டர் காலத்துப் பிள்ளை அல்லவா, எதற்கு இரண்டாவது தடவை வாசிக்க வேண்டும் என்று முதல் பதிவையே நகல் எடுத்து, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று வைத்துவிட்டாள். கேட்டால் சத்தம் கூடியிருக்கிறது. அகலம் இம்மியும் கூடவில்லை. நடுமண்டையிலேயே நிற்கிறது. "தாத்தா, ஏன்?" என்றாள்.

இதற்குப் பதில் சொல்ல இசை தெரிய வேண்டியதில்லை. ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிப்பது இரண்டு காதுக்கும் வருவதில் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான். இரண்டு காதுக்கும் அச்சு அசல் ஒன்றே வந்தால், 'இது நேர் எதிரே இருக்கிறது' என்று அது தீர்ப்பு எழுதிவிடும். நகல் எத்தனை போட்டாலும் அதே தீர்ப்புதான். நாங்கள் டபுளிங் வேலை செய்யும்போது இரண்டாவது பாதையை முதல் பாதையின் ஸ்லீப்பர் மேலேயே போட்டுவிட முடியுமா? அதற்குத் தனி மண் அணை வேண்டும், மையத்துக்கு மையம் 5.3 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும்.

கணக்கிலும் இது தெரியும். ஒரே மாதிரியான இரண்டு சமிக்ஞைகளைக் கூட்டினால் 6 டெசிபல் ஏறும். தனித்தனியாக வாசித்த இரண்டைக் கூட்டினால் சராசரியாக 3 டெசிபல்தான் ஏறும். சத்தம் குறைவு, ஆனால் காதுக்குப் பெரிதாகக் கேட்பது இதுதான்.

கோயில் வாசலில் நாதஸ்வரம் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டு நாயனம் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கிறபோது வரும் கனம், ஒரு நாயனத்தை மைக்கில் கூட்டினால் வருமா? மூச்சு எடுக்கும் இடம் வேறு, சுருதி மயிரிழை வேறு, விரல் எழும் நேரம் வேறு. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே சுரத்தை இழுப்பதும் இதற்காகத்தான். ஒரு வயலினைப் பத்து மடங்கு கூட்டினால் பத்து வயலின் ஆகாது. ஒரு வயலின் காது கிழிய வாசிக்கும், அவ்வளவுதான். பத்து ஆள் இல்லாத வீட்டில், ஒரே ஆள் மறுபடி மறுபடி வாசித்து அந்தக் கூட்டத்தை உண்டாக்குவதுதான் இந்த டபுள் ட்ராக்.

வீட்டில் உட்கார்ந்து இதற்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் லெஸ் பால். அவர் பெயரில் கிப்சன் கம்பெனி 1952-ல் இருந்து கிடார் விற்கிறது. பல பேருக்கு அது கிடாரின் பெயர் என்றுதான் தெரியும், ஆளின் பெயர் என்று தெரியாது. 1948-ல் அவர் வெளியிட்ட 'லவ்வர்' என்ற இசைத்தட்டில் எட்டு கிடார் பகுதிகள், எட்டும் அவர் ஒருவரே வாசித்தது. அதை வீட்டுக் கொட்டகையில் தட்டுகளிலேயே செய்தார். ஒரு தட்டில் பதிந்ததை ஓடவிட்டு, கூடவே வாசித்து, இரண்டையும் சேர்த்து அடுத்த தட்டில் பதிவது. பிறகு டேப் ரிகார்டர் கைக்கு வந்ததும் ஒரே நாடாவில் பழைய சத்தத்தின் மேல் புதியதைச் சேர்க்க வழி கண்டார். அதில் ஒரு ஆபத்து: ஏழாவது தடவையில் கை பிசகினால் முந்தைய ஆறும் போய்விடும். மனைவி மேரி ஃபோர்டின் குரலையும் இதே மாதிரி அடுக்கி 1951-ல் வெளியிட்ட 'ஹௌ ஹை த மூன்' அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போயிற்று. இன்று என் பேத்தி ஒரு பொத்தானை அழுத்தி 'வேண்டாம்' என்று அழித்துவிடுகிறாள். அவர் பட்ட பாட்டைச் சொன்னேன். "பாவம்" என்று சொல்லிவிட்டு மேலே வேலையைப் பார்த்தாள்.

நகல் வைத்தே ஏமாற்ற முடியாதா என்று பெரியவர்களும் பார்த்திருக்கிறார்கள். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுக்கு ஒரே பாட்டை இரண்டு தடவை பாட அலுப்பு. லண்டனில் இ.எம்.ஐ. கூடத்தில் இருந்த பொறியாளர் கென் டவுன்சென்ட் 1966-ல் அதற்கு ஒரு வழி செய்தார். இரண்டாவது டேப் இயந்திரத்தில் அதே குரலை ஓட்டி, அதன் வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தார். கவனியுங்கள், வெறும் நகல் அல்ல. நகல் ஒரே இடத்தில் நிற்காமல் அலைய வேண்டியிருந்தது. அப்போதுதான் இரண்டாவது ஆள் போலக் கேட்டது.

பேத்தி நகலை அலையவிடவில்லை. 10 மில்லிசெகண்டு பின்னால் தள்ளி வைத்தாள், அவ்வளவுதான். ஹெட்போனில் கேட்டதும் அகலம் வந்துவிட்டது, துள்ளிக் குதித்தாள். பிறகு என் பழைய போனில் போட்டோம். அதில் ஒரே ஸ்பீக்கர். கிடார் குழாய்க்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. காரணம் எளிது. இரண்டும் ஒன்றாகச் சேரும்போது, 10 மில்லிசெகண்டு தள்ளியிருக்கும் நகல் 50, 150, 250 என்று வரிசையாக ஒவ்வொரு 100 ஹெர்ட்ஸுக்கும் ஓரிடத்தில் மூலத்தை அடித்துத் தின்றுவிடும். சீப்பின் பல் மாதிரி இடைவெளி விழும். விழாவுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டா வருவார்கள்?

ஆக, குறுக்கு வழி இல்லை, இரண்டாவது தடவை வாசித்தே ஆக வேண்டும் என்று ஆயிற்று. வாசித்தாள். அங்கேதான் விவகாரம் ஆரம்பித்தது.

முதல் பதிவை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு, மெட்ரோனோமின் டிக் டிக்கோடு இரண்டாவதை வாசித்தாள். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஒவ்வொரு அடியும் 'ஜல்' என்று விழாமல் 'ஜ-ஜல்' என்று விழுந்தது. மறுபடி வாசித்தாள். மறுபடியும் அதே. மூன்று நாளில் இருபது தடவைக்கு மேல் இருக்கும். வகுப்பில் போட்டுக் காட்டியபோது, "உனக்கு டைமிங் இல்லை, ஆறு மாதம் மெட்ரோனோமோடு சாதகம் செய்" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் கிடாரை உறையில் போட்டு பீரோ மேல் ஏற்றினாள். அழவில்லை. "எனக்கு வராதும்மா, அப்பா சொன்னதே சரி" என்று தன் அம்மாவிடம் சொன்னாள். மாப்பிள்ளைக்கே முகம் சுருங்கிவிட்டது.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவள் ஆறு வயதிலிருந்து கோலாட்டம் ஆடுகிறவள். ஒரு நாள் கோல் தப்பிப் பார்த்ததில்லை. தாளம் இல்லாத பெண் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மறுநாள் அவள் வெளியே போன நேரம் அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். இந்தப் பதிவு மென்பொருளில் ஒரு வசதி, சத்தம் கண்ணுக்குக் கோடாகத் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு அடியும் எந்த மில்லிசெகண்டில் விழுந்தது என்று படிக்கலாம். பழைய புத்தி, நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டேன். இருபது அடிகளை எடுத்து, முதல் பதிவில் எங்கே, இரண்டாவதில் எங்கே என்று குறித்தேன். இரண்டாவது எல்லா இடத்திலும் பிந்தியிருந்தது. குறைந்தது 31, அதிகம் 52, சராசரி 41 மில்லிசெகண்டு. ஒன்றுகூட முந்தவில்லை.

பார்த்ததும் எனக்கு 1983 ஞாபகம் வந்துவிட்டது. புதிதாக ஒரு செக்‌ஷனுக்குப் போயிருந்தேன். கேஜ் கம் லெவல் என்று ஒரு கருவி. இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1676 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அதை வைத்துப் பார்ப்போம். அரைக் கிலோமீட்டர் தூரம் பார்த்தேன், எல்லா இடத்திலும் 4 மில்லிமீட்டர் குறைவாகக் காட்டியது. கேங்மேன்களின் மேட்டைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். என் அப்பா வயது அவருக்கு. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாப், எல்லா இடத்திலும் ஒரே அளவா தப்புப் பண்ண எங்களுக்குத் தெரியாது" என்று இந்தியில் சொன்னார். பக்கத்து கேங்கிலிருந்து வேறு கேஜ் கொண்டுவந்து வைத்தார். பாதை சரியாக இருந்தது. என் கருவியின் முனைதான் வளைந்திருந்தது. எல்லார் முன்னாலும் திட்டினேன். மன்னிப்பு மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

மனிதக் கை தப்பினால் முன்னும் பின்னுமாகச் சிதறும். ஒரே பக்கம் ஒரே அளவில் தப்பினால் கருவியைச் சந்தேகப்பட வேண்டும். ஆகவே கருவியைச் சோதித்தேன். ஹெட்போனை மைக்கின் வாயில் வைத்து, கம்ப்யூட்டரிலிருந்து ஒரு 'டிக்' சத்தத்தை ஓட்டி, அதையே மறுபடி பதிந்தேன். ஓடிய டிக்குக்கும் பதிந்த டிக்குக்கும் இடையே தூரம் 40 மில்லிசெகண்டு. விஷயம் வெளிச்சமாகிவிட்டது. முதல் பதிவு கம்ப்யூட்டரிலிருந்து வெளியே வந்து அவள் காதை அடையச் சிறிது நேரம்; அவள் வாசித்தது மைக் வழியாக உள்ளே போய்ச் சேரச் சிறிது நேரம். இதற்கு லேட்டன்ஸி என்று பெயர். அந்தத் தாமதத்தைக் கழித்து எழுத மென்பொருளிலேயே ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் இயந்திரத்தில் அந்தக் கட்டத்தில் சரியான எண் இல்லை. 40 மில்லிசெகண்டு என்பது சிறிதல்ல. சத்தம் காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட 14 மீட்டர் தள்ளி நிற்கும் ஆளோடு சேர்ந்து வாசிப்பதற்குச் சமம். யாரால் முடியும்?

41-ஐக் கழித்துவிட்டுப் பார்த்தால் என் பேத்தியின் கை முன்னும் பின்னுமாகப் பத்து, பதினொரு மில்லிசெகண்டுக்குள் ஆடியிருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது குறையே இல்லை. அதைவிட, டபுள் ட்ராக்குக்கு வேண்டியதே அந்த ஆட்டம்தான். அதுகூட இல்லாமல் வாசித்தால் மறுபடி நகல் கதைதான்.

சாயங்காலம் அவள் வந்ததும் நோட்டை நீட்டினேன். வரிசையாக எண்களைப் பார்த்தாள். "அப்போ நான் தப்பு இல்லையா தாத்தா?" என்றாள். "கேஜ்தான் தப்பு கண்ணு" என்றேன். அவளுக்குக் கேஜ் கதை தெரியாது, சொன்னேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த கிடாரை இறக்கியது மாப்பிள்ளைதான். சுருதிகூட அவரே சேர்க்கப் பார்த்தார். பேத்தி பிடுங்கிக்கொண்டாள்.

பிறகு நடந்த பதிவில் நாங்கள் தெரிந்துகொண்டவற்றில் சில. சுருதியை ஒவ்வொரு தடவையும் வாசிக்கும் முன் சேர்க்க வேண்டும், ஒரு தடவை சேர்த்தது போதும் என்று இருக்கக் கூடாது. ஐந்தாவது கம்பி 110 ஹெர்ட்ஸ். முதல் பதிவில் 110, இரண்டாவதில் 111 என்று இருந்தால் இரண்டும் சேரும்போது விநாடிக்கு ஒரு தடவை சத்தம் ஏறி இறங்கும். கொஞ்சமாக இருந்தால் அழகு, மிஞ்சினால் கடல் காய்ச்சல் வந்த மாதிரி குமட்டும். நம் ஊர் கூலர் காற்று கிடார் மேல் பட்டால் சுருதி மாறிவிடுகிறது. அதைவிட, கூலரின் உறுமல் இரண்டு பதிவிலும் ஏறி இரட்டிப்பாகும். ஆகையால் கூலர், மின்விசிறி எல்லாம் நிறுத்தியே ஆக வேண்டும். ஏப்ரல் மாத நாக்பூரில் ஜன்னலைச் சாத்தி, கதவில் ரஜாயைத் தொங்கவிட்டு, விசிறி இல்லாமல் உட்கார்ந்த சுகத்தை வார்த்தையில் சொல்ல முடியாது. என் மனைவி பானகம் கரைத்து வைத்துவிட்டு, "இதுக்கு நாற்பதாயிரமே கொடுத்திருக்கலாம்" என்றாள்.

மைக்கைக் கிடாரின் வட்ட ஓட்டைக்கு நேரே வைத்தால் குடத்துக்குள் பேசினது போலக் குமுறும். கழுத்து உடம்போடு சேரும் பக்கமாக, ஒரு சாண் தள்ளி வைத்தால் தெளிவு. இரண்டாவது பதிவுக்கு மைக்கைச் சற்று இடம் மாற்றி வைத்தோம். வேறு கிடார் போலவே கேட்டது. இன்னும் நல்ல வழி கேப்போ. முதல் தடவை ஜி கார்டைச் சாதாரணமாகப் பிடித்து வாசித்தாள். இரண்டாவது தடவை ஐந்தாவது கட்டத்தில் கேப்போ மாட்டி, டி கார்டின் பிடியில் வாசித்தாள். சுரம் அதே ஜி, ஆனால் கம்பிகள் அடுக்கும் விதம் வேறு. ஆறாயிரம் ரூபாய் கிடார் இரண்டு கிடார் ஆகிவிட்டது.

எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கும் பையன்களுக்கு ஒரு வார்த்தை. கரகரப்பைக் கூட்டுகிற அந்தக் குமிழை, ஒரே தடவை வாசிப்பதற்கு வைக்கும் அளவைவிடக் குறைத்து வையுங்கள். இரண்டு சேரும்போது கரகரப்பும் சேர்ந்து சேறாகிவிடும். அந்தச் சேறு இல்லாமல் அடுக்குவது எப்படி என்று கேட்க வேண்டுமானால் 1980-ல் ஆஸி ஆஸ்பர்ன் வெளியிட்ட 'பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்' தட்டில் ராண்டி ரோட்ஸைக் கேளுங்கள். தனி வாசிப்புகளையே அப்படிப் பல தடவை வாசித்து அடுக்கியிருக்கிறார். எனக்கு அந்தச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் வேலை சுத்தம்.

பேத்திக்கு ருசி கண்டுவிட்டது, எட்டு தடவை அடுக்கலாம் என்றாள். அடுக்கிக் கேட்டோம். கம்பியில் அடி விழும் அந்தக் கூர்மை போய், மழை பெய்கிற மாதிரி ஒரே இரைச்சல். இரண்டே போதும், பல்லவிக்கு மட்டும் நான்கு என்று முடிவாயிற்று. இரண்டையும் இடது, வலது ஓரங்களில் வைத்து, பாடுகிறவர்களுக்காக நடுவைக் காலியாக விட்டோம். என் ஒற்றை ஸ்பீக்கர் போனிலும் போட்டுப் பார்த்தோம். குழாய்ச் சத்தம் இல்லை.

சித்திரை விழாவுக்கு வந்தவர்கள் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் நாங்கள் செய்ததை நீங்கள் யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. மண்டபத்தில் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளில் வலது பக்கம் இருந்தது வேலை செய்யவில்லை. இடது கிடார் மட்டும் வந்தது, அதே பழைய தகர டப்பா. எல்லாரும் கை தட்டினீர்கள். பேத்தி மேடையிலிருந்து என்னைப் பார்த்து வலது காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். பாட்டை நிறுத்தாமல் வாசித்து முடித்தாள், தாளம் தப்பவில்லை. அடுத்த தடவை ஒலிபெருக்கிக்காரரிடம் முதல் நாளே போய் இரண்டு பெட்டியும் ஓடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. இல்லையென்றால் இரண்டையும் ஒரே பெட்டியில் சேர்த்து அனுப்பும் ஒயரைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

முழுப் பாட்டையும் கேட்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வாருங்கள். வீட்டில் பதிவு செய்கிற பிள்ளைகள் தங்கள் கம்ப்யூட்டரையும் ஹெட்போனையும் கொண்டுவந்தால் அந்த 'டிக்' சோதனையைப் பத்து நிமிஷத்தில் செய்து தருகிறேன். கூலரை நிறுத்திவிடுவோம், ஒரு துண்டும் கொண்டுவரவும்.